உச்சவரம்பு உண்டு, உத்தரவாதம் இல்லை: இங்கிலாந்து ரக்பி லீக்கின் பணச் சிக்கல்

2025 பிப்ரவரி 15. இங்கிலாந்தின் சூப்பர் லீக் ரக்பிப் பருவம் தொடங்கி மூன்றாவது நாள். செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்தில் சால்ஃபோர்டு ரெட் டெவில்ஸ் 82-0 என்ற கணக்கில் தோற்றது. ஆட்டம் மொத்தமே 80 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு புள்ளிக்கும் மேல்.

இதே சால்ஃபோர்டு முந்தைய பருவத்தில் நான்காம் இடம் பிடித்து நாக் அவுட் சுற்றுக்குப் போன அணி. சில மாதங்களுக்குள் இப்படி விழுந்ததற்குக் காரணம் பணம். கிளப்பின் நிதி நிலைமையைப் பார்த்து, இவ்வளவு சம்பளத்துக்கு மேல் அணியை இறக்கக் கூடாது என்று அதன் மேல் ஒரு தனி வரம்பு போடப்பட்டிருந்தது. வழக்கமான வீரர்கள் ஒதுங்கி நிற்க, அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் ரிசர்வ் அணியின் இளைஞர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் கிளப்பின் நிறுவனத்தையே கலைக்கச் சொல்லிவிட்டது.

ஒரு கிளப் நொடித்துப்போனால் அது அவர்கள் பாடு என்று விட்டுவிடலாம்தானே, மற்ற அணிகளுக்கு இதில் என்ன அநியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் சொல்ல, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

இது எந்த ரக்பி?

ரக்பியில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. அணிக்கு 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன். 13 பேர் ஆடுவது ரக்பி லீக். இரண்டும் பிரிந்ததே பணத்தை முன்னிட்டுத்தான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தின் ரக்பி வீரர்களில் பலர் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியையாவது கிளப் ஈடுகட்டட்டும் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. விளையாட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்று லண்டனில் இருந்த தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தனியே பிரிந்தன. இன்றைய ரக்பி லீக் அங்கே பிறந்தது. உழைத்தவனுக்குக் கூலி தர வேண்டும் என்பதற்காகவே உண்டான ஆட்டம் இது. அதில் 2025இல் சம்பளம் வராமல் வீரர்கள் காத்திருந்தார்கள் என்பதை என்னால் சாதாரணச் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் இதன் உச்சப் போட்டி சூப்பர் லீக். 1996இல் தொலைக்காட்சிப் பணத்தை அடித்தளமாக வைத்துத் தொடங்கியது. அடுத்த படி சாம்பியன்ஷிப். ஆஸ்திரேலியாவின் உச்சப் போட்டி என்ஆர்எல்.

பணம் வரும் வழிகள்

ஒரு சூப்பர் லீக் கிளப்புக்கு நான்கு வழியில் பணம் வரும்.

1. நுழைவுச்சீட்டு, சீசன் டிக்கெட், மைதானத்தில் விற்கும் உணவும் பானமும். மைதானம் சொந்தமாக இருந்தால்தான் இதில் முழுப் பலன். வாடகை மைதானம் என்றால் கூட்டம் வந்தாலும் கையில் நிற்பது குறைவு.

2. விளம்பரதாரர்கள்.

3. மத்தியப் பங்கு. தொலைக்காட்சி உரிமையை லீக் மொத்தமாக விற்று, கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகை.

4. உரிமையாளரின் சட்டைப்பை. முதல் மூன்றும் போதாதபோது துண்டு விழுவதை நிரப்புவது இதுதான்.

மூன்றாவது வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. 2021 வரை ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பவுண்டாக இருந்த ஸ்கை ஒப்பந்தம், 2022இல் சுமார் 2.5 கோடிக்கு இறங்கியது. 2024இல் தொடங்கிய ஒப்பந்தம் அதையும் விடக் குறைவு. செலவு மட்டும் இறங்கவில்லை. ஆக, நான்காவது வழியின் மேல் பாரம் ஏறுகிறது. பல கிளப்புகள் ஒரே ஒரு பணக்காரரின் பாசத்தில் உயிர்வாழ்கின்றன. அவருக்கு அலுத்துப்போனாலோ, வயதானாலோ, தொழில் படுத்துவிட்டாலோ கிளப்பும் சேர்ந்து படுத்துவிடும்.

சம்பள உச்சவரம்பு எதற்கு?

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணியும் இவ்வளவுக்குள் வாங்க வேண்டும் என்று ஒரு தொகை இருக்கிறதல்லவா, அதே யோசனைதான். ஒரு கிளப் ஓர் ஆண்டில் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது. சூப்பர் லீக்கில் அண்மை ஆண்டுகளில் இது 21 லட்சம் பவுண்டு. நட்சத்திர வீரர்கள் சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் கணக்கில் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதியே ஏறும்.

இந்த விதி வந்த வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1998இல் அறிமுகமானபோது வரம்பு எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கவில்லை. கிளப்பின் வருமானத்தில் பாதி என்றுதான் இருந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம். கிளப்புகள் கடனில் முழுகாமல் இருக்க அது உதவும். ஆனால் வருமானம் அதிகமுள்ள விகன், லீட்ஸ் மாதிரி கிளப்புகள் அதிகம் செலவழிக்கலாம். சின்னக் கிளப் எந்நாளும் சின்னதாகவே இருக்கும். போட்டி சமமாக இருக்க வேண்டும் என்று பிறகு எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகை முன்னுக்கு வந்தது.

இரண்டுக்கும் பெயர் சம்பள உச்சவரம்புதான். நோக்கம் மட்டும் வேறு. முதலாவது, கிளப் பிழைத்திருக்க. இரண்டாவது, போட்டி சமமாக இருக்க. பொதுத் தொகை என்று ஆனதும் 21 லட்சம் என்பது வரம்பாக இல்லாமல் இலக்காக மாறிவிட்டது. எதிரணி முழுத் தொகையையும் செலவழிக்கும்போது நாம் 15 லட்சத்தோடு நின்றால் தோல்வி உறுதி. தோற்றால் கூட்டம் குறையும், விளம்பரதாரர் போவார். அதனால் வருமானம் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் அந்தக் கோட்டைத் தொடப் பார்க்கிறார்கள். உச்சவரம்பு இதற்கு மேல் போகாதே என்று மட்டும்தான் சொல்லும். இவ்வளவு கொடுக்க உன்னிடம் காசு இருக்கிறதா என்று கேட்காது. சிக்கலின் வேர் என் பார்வையில் இங்கேதான் இருக்கிறது.

சால்ஃபோர்டு: ஒரு வருடம், படிப்படியாக

1873இல் தொடங்கிய கிளப் இது. 2012 முதல் ஆடியது ஊருக்கு ஒதுக்குப்புறமான, தனக்குச் சொந்தமில்லாத மைதானத்தில். ஆட்டத்தில் குறையே சொல்ல முடியாது. 2019இல் சூப்பர் லீக் இறுதிப் போட்டி, 2020இல் சேலஞ்ச் கோப்பை என்ற தனி நாக் அவுட் போட்டியின் இறுதி ஆட்டம். பின்னதில் லீட்ஸிடம் 17-16 என்று ஒரே புள்ளியில் தோற்றது. ஆட்டம் ஏறிய வேகத்தில் வருமானம் ஏறவில்லை. நல்ல வீரர்களை விற்று ஓட்டியது. 2023 பருவம் முடிந்ததும் புரோடி கிராஃப்ட், ஆண்டி ஆக்கர்ஸ் இருவரையும் லீட்ஸுக்குக் கொடுத்தது அப்படித்தான்.

அப்புறம் நடந்தவை:

1. 2024 பருவம் முடிந்த கையோடு, அடுத்த ஆண்டு வர வேண்டிய மத்தியப் பங்கிலிருந்து 5 லட்சம் பவுண்டை முன்பணமாக வாங்கியது. அடுத்த மாதச் சம்பளத்தை வாங்கி இந்த மாத மளிகைக் கடனை அடைப்பது போலத்தான். அடுத்த மாதம் வந்தே தீரும்.

2. இதைப் பார்த்த நிர்வாக அமைப்பு, சால்ஃபோர்டுக்கு மட்டும் 12 லட்சம் பவுண்டு என்று தனி வரம்பு போட்டது. மற்றவர்களுக்கு 21 லட்சம்.

3. ஆட்டத்தை நடத்திச்செல்லும் மார்க் ஸ்னெய்டு 2025இல் வாரிங்டனுக்குப் போனார். அந்த ஜூனில் வெம்ப்லியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில், வாரிங்டன் தோற்றபோதும் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

4. 2025 பிப்ரவரியில் புதிய உரிமையாளர் குழு வந்தது. பணம் வரும் என்ற நம்பிக்கையில் தனி வரம்பு தளர்ந்தது. சொன்ன பணம் வந்து சேராததால் முதல் ஆட்டத்துக்கு முன் மீண்டும் இறுகியது. அந்த முதல் ஆட்டம்தான் 82-0.

5. சம்பளம் மாதாமாதம் தள்ளிப்போனது. வீட்டு வாடகை கட்ட வேண்டியவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? கேலம் வாட்கின்ஸ் லீட்ஸுக்குப் போனார். அவருக்குப் பிறகும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். இரவல் வீரர்களையும் பையன்களையும் வைத்து அணி ஓடியது.

6. ஆகஸ்டில் வேக்ஃபீல்டுடன் ஆட வேண்டிய ஆட்டத்துக்குத் தகுதியான அணியைத் திரட்ட முடியவில்லை. ஆடாமலேயே 48-0 என்று வேக்ஃபீல்டுக்கு வெற்றி கொடுக்கப்பட்டது.

7. பிரிட்டன் வரித்துறை கட்டாத வரிக்காகத் தொடர்ந்த வழக்கில், டிசம்பரில் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது.

அநியாயம் யாருக்கு?

இந்த ஏழு படிகளையும் எதிரணிகளின் கண்ணால் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

முதலாவது, பட்டியல். சூப்பர் லீக்கில் இரண்டு அணிகள் பட்டியலில் ஒரே புள்ளியில் நின்றால், ஆட்டங்களில் போட்ட புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் இடத்தைத் தீர்மானிக்கும். செயின்ட் ஹெலன்ஸுக்கு முதல் வாரமே +82. சால்ஃபோர்டு ஓரளவு முழு அணியோடு இறங்கிய வாரத்தில் அதைச் சந்தித்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எந்தத் தேதியில் சால்ஃபோர்டைச் சந்திக்கிறாய் என்பது அட்டவணை போட்டவர் கையில் இருந்த அதிர்ஷ்டமாகிவிட்டது.

இரண்டாவது, வீரர்கள். சால்ஃபோர்டு இழந்த ஒவ்வொருவரும் இன்னோர் அணிக்குப் பலம். வாங்கியவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, வீரர்களுக்கும் வேறு வழியில்லை. ஆனாலும் போட்டியின் சமநிலை ஆடுகளத்துக்கு வெளியே மாறியது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. அநியாயம் பின்னோக்கியும் ஓடும். பொதுவாகவே, கட்ட முடியாத சம்பளத்தை வாக்குக் கொடுத்து ஓர் அணியைத் திரட்டி, வரியைப் பாக்கி வைத்து ஓட்டும் கிளப், அந்த ஆண்டு ஒழுங்காக வரி கட்டி, கையிருப்புக்குள் அணி கட்டிய கிளப்பைத் தோற்கடித்திருக்கும். ஒழுங்காக இருந்தவர் ஓரிரு இடம் கீழே முடித்திருப்பார். இரண்டு வருடம் கழித்து உண்மை வெளிவரும்போது அந்தப் பட்டியலை யாரும் திருத்தப்போவதில்லை.

நான்காவது, கடன்காரர்கள். இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்ற நிர்வாகியின் கைக்குப் போவது என்றால், நிறுவனம் உயிரோடு இருக்கும், நிர்வாகி வாங்குபவரைத் தேடுவார். கலைப்பு என்றால் நிறுவனமே முடிந்தது. இருப்பதை விற்றுப் பங்கு வைப்பார்கள். அந்த வரிசையில் வங்கி போன்ற ஈடு வைத்திருப்பவர்கள் முன்னே நிற்பார்கள். 2020 டிசம்பர் முதல், பிடித்தம் செய்து கட்டாத வருமான வரி, விற்பனை வரி போன்றவற்றுக்கு வரித்துறைக்கும் முன்னுரிமை உண்டு. ஜெர்ஸி தைத்துக் கொடுத்தவர், பேருந்து ஓட்டியவர், சாப்பாடு போட்டவர் எல்லாம் கடைசி வரிசை. கடைசி வரிசை வரும்போது பானையில் பருக்கை இருக்காது. அதே ஊரில் அதே நிறத்தில் புதிய நிறுவனம் ஆடத் தொடங்கும். சால்ஃபோர்டும் அப்படித்தான் 2026 சாம்பியன்ஷிப்புக்குப் புது நிறுவனமாக வந்தது.

புள்ளி வெட்டு வலிப்பது யாருக்கு?

பணத்தில் தப்பு செய்த கிளப்புக்கு வழக்கமான தண்டனை, பட்டியலில் அதன் புள்ளியை வெட்டுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிராட்ஃபோர்டு புல்ஸ் கதையைப் பார்த்தால் சந்தேகம் வரும்.

1997, 2001, 2003, 2005 என நான்கு முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற கிளப் அது. 2012 தொடக்கத்தில் தன் மைதானமான ஆட்சலின் குத்தகை உரிமையை ரக்பி லீக் நிர்வாக அமைப்புக்கே விற்றது. அதுவும் போதாமல் ரசிகர்களிடம் 10 லட்சம் பவுண்டு கேட்டுக் கையேந்தியது. ரசிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அப்படியும் ஜூனில் நிர்வாகியின் கைக்குப் போனது. 6 புள்ளி வெட்டு. 2014இல் மறுபடி அதே நிலை, மறுபடி 6 புள்ளி. அந்த ஆண்டு சூப்பர் லீக்கிலிருந்தே இறங்கியது. 2017 ஜனவரியில் கலைப்பு. புதிய நிறுவனம் சாம்பியன்ஷிப்பில் 12 புள்ளி கழித்து ஆட்டத்தைத் தொடங்கியது. வருடக் கடைசியில் மூன்றாம் படிக்கு இறங்கியது.

கடனை உண்டாக்கியவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். மைனஸ் 12ஐச் சுமந்தது புதிதாக வந்த வீரர்களும், ஏற்கெனவே சட்டைப்பையைக் காலி செய்த ரசிகர்களும். அவர்கள் இறங்க இறங்க வருமானமும் இறங்கியது. கடனில் இருப்பவனுக்குக் கடன் வாங்கியதற்கே அபராதம் போடும் கணக்கு இது. ஆனாலும் தண்டனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடனைத் துடைத்துவிட்டுப் புதுப் பெயரில் வந்து சுத்தமாகத் தொடங்கலாம் என்றால், ஒழுங்காகக் கடன் கட்டுகிறவர்களுக்கு அது பெரிய துரோகம்.

தண்டனை இலக்குத் தவறுவதும் உண்டு. சம்பள வரம்பை மீறியதற்காக 2016இல் சால்ஃபோர்டுக்கு 6 புள்ளி வெட்டினார்கள். அந்தப் பருவத்தின் கடைசியில், தோற்பவர் கீழே இறங்க வேண்டிய ஒற்றை ஆட்டத்தில் ஹல் கேஆரை அதன் சொந்த மைதானத்தில் சந்தித்தது. முடிய ஓரிரு நிமிடம் இருக்க ஹல் கேஆர் 18-10 என்று முன்னிலை. சால்ஃபோர்டு இரண்டு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டு 18-18 ஆக்கியது. கூடுதல் நேரத்தில் கெரெத் ஓபிரையன் தூரத்திலிருந்து ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, எழும்போதே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்தார். 19-18. வரம்பை மீறியதற்குத் தண்டனை பெற்ற கிளப் மேலே நின்றது, ஹல் கேஆர் கீழே போனது. ஒன்பது ஆண்டு கழித்து, சால்ஃபோர்டு கலைக்கப்பட்ட அதே 2025இல், ஹல் கேஆர் சேலஞ்ச் கோப்பை, பட்டியல் முதலிடக் கேடயம், சூப்பர் லீக் பட்டம் என மூன்றையும் வென்றது.

20 மதிப்பெண் கணக்கு

மேலேறுவதும் இறங்குவதும் ஒற்றை ஆட்டத்தில் தொங்கினால், பதற்றத்தில் எல்லோரும் கைமீறிச் செலவழிப்பார்கள் என்பது நியாயமான வாதம். அதற்காக ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தின் யோசனைப்படி, யார் சூப்பர் லீக்கில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்க 2025 பருவத்துக்குத் தர மதிப்பெண் வந்தது. மொத்தம் 20. ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத் திறனுக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, ஊர் மக்களோடு உள்ள உறவுக்கு 2.5. 15 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 'ஏ' தரம், இடம் உறுதி.

இதற்கு வந்த எதிர்ப்புக்கும் காரணம் இருக்கிறது. லண்டன் பிராங்கோஸ் 2023 அக்டோபரில் துலூஸ் நகருக்குப் போய், துலூஸ் அணியையே தோற்கடித்து சூப்பர் லீக்குக்கு ஏறியது. அதே மாதம் வந்த முன்னோட்ட மதிப்பெண் பட்டியலில் அதற்கு 24ஆம் இடம். 2024இல் எப்படி ஆடினாலும் இறங்கப்போகிறோம் என்று தெரிந்தே அந்த வீரர்கள் ஒரு பருவம் முழுக்க ஆடினார்கள். களத்தில் சம்பாதித்ததைக் காகிதத்தில் பறிப்பது நியாயமா என்ற கேள்விக்கு இன்னும் நல்ல பதில் வரவில்லை.

என் குறை வேறு. இந்த மதிப்பெண் ஆண்டுக்கு ஒருமுறை, நடந்து முடிந்த கணக்கை வைத்துப் போடப்படுகிறது. சால்ஃபோர்டு 2025 பருவத்துக்கு இந்தத் தேர்வில் தேறித்தான் வந்தது. பருவம் தொடங்கும் முன்பே முன்பணம் கேட்டு நின்றது. போன வருட மருத்துவ அறிக்கையைப் பார்த்து இன்றைய காய்ச்சலை அளக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி

என்ஆர்எல்லில் தொலைக்காட்சிப் பணம் பெரிது. வீரர் சம்பள வரம்பு எவ்வளவோ, அதைவிடக் கூடுதலான தொகையை லீக்கே கிளப்புக்குக் கொடுத்துவிடுகிறது. ஆக, அங்கே வரம்புக்கு அடியில் ஒரு தரையும் இருக்கிறது. சம்பளம் வராது என்ற பயம் குறைவு. அங்குள்ள தொல்லை ஒளித்துச் செலவழிப்பது. மெல்பர்ன் ஸ்டார்ம் இரட்டைக் கணக்கு வைத்து வரம்பை மீறியது 2010இல் வெளிவந்தபோது, 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. அந்தப் பருவம் முழுக்க எத்தனை வென்றாலும் புள்ளி கிடையாது என்றார்கள். பழைய பட்டியலையே திருத்திய தண்டனை அது. அதிகம் செலவழித்தவருக்கு அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது. இல்லாத பணத்தைச் செலவழித்தவருக்கு இங்கிலாந்தில் அப்படி ஒன்று இல்லை.

எதை மாற்றலாம்?

மூன்று விஷயங்களைச் சொல்வேன்.

1. பொதுத் தொகையோடு, 1998இல் இருந்ததுபோல் வருமானத்தோடு கட்டிய வரம்பும் வேண்டும். இரண்டில் எது குறைவோ அது செல்லும். உரிமையாளர் கூடுதலாகப் போட விரும்பினால் பருவம் தொடங்கும் முன் அந்தப் பணத்தை லீக்கிடம் கட்டிவிடட்டும். வாக்குறுதிக்குப் பதில் வைப்புத்தொகை.

2. வரி, சம்பளம் இரண்டுக்கும் மாதாந்தரச் சோதனை. ஒரு மாதம் தவறினால் உடனே தெரிய வேண்டும். பருவத்தின் நடுவே சம்பளம் நின்றால் வீரர்களுக்குக் கொடுக்க, எல்லாக் கிளப்பும் சேர்ந்து ஒரு நிதி வைத்திருக்கலாம்.

3. ஓர் அணி பாதியில் சரிந்தால் அதன் முடிவுகளை என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே விதி. 2020இல் கோவிட் காலத்தில் கனடாவின் டொரொன்டோ உல்ஃப்பேக் நடுவில் விலகியபோது, அது ஆடித் தோற்ற ஆறு சூப்பர் லீக் ஆட்டங்களையும் பட்டியலிலிருந்து அழித்தார்கள். அவற்றில் ஒன்றில் டொரொன்டோவை வென்றது சால்ஃபோர்டு. அந்த வெற்றியும் சேர்ந்து போனது. 2025இல் சால்ஃபோர்டு தடுமாறித் தடுமாறிக் கடைசி வரை பட்டியலில் இருந்ததால் எதுவும் அழிக்கப்படவில்லை. பையன்கள் ஆடிய 82-0உம் யாருமே ஆடாத 48-0உம் அந்த ஆண்டின் கணக்கில் அப்படியே நிற்கின்றன.